ஓருடற் கணினியும் சிறுவருவாய்க் குடும்பமும்

தமிழில் 'பொருள்' என்னுஞ் சொல் விரிந்த ஆட்சியுடையது. சொல்லின் கருத்தும் பொருள்; கையிற் பிடிக்கும் பண்டமும் பொருள்; தேடிச் சேர்க்குஞ் செல்வமும் பொருள். நூலின் பொருளை ஆராய்வதே விமர்சகரின் தொழில் என்று கருதிவந்த நாம், வீட்டுக்குள் வந்து குடியேறும் பண்டத்தின் பொருளை ஆராயும் வேலையை வணிகருக்கும் பொறியியலாளருக்கும் விட்டுவிட்டோம். ஆயினும் பண்டமும் மனிதரின் ஆக்கமே. ஆக்கியோர் யாரை மனத்திற் கொண்டனர், யாரை மறந்தனர் என்பதை அதன் அமைப்பே காட்டிக்கொடுக்கும். நாவலொன்றைப் படித்தால் அது எந்த வர்க்கத்தின் கண்கொண்டு உலகைப் பார்க்கிறது என்று கேட்கிறோம். மேசைமீதிருக்கும் கணினியைப் பற்றியும் அக்கேள்வியைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இவ்வெண்ணத்தை எம்முள் எழுப்பியது சிறு நிகழ்ச்சி ஒன்று. வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்து சீவிக்கும் குடும்பமொன்றின் பிள்ளை எமது மாணவி. 2019ஆம் ஆண்டு அவ்வீட்டுக்கு ஒரு கணினி வந்தது. விலையிற் பாதி வெங்காயத்தின் வருவாய். மறுபாதி கனடாவில் வாழும் சின்னம்மா அனுப்பியது. கடைக்காரர் 'ஓல் இன் வண்' என்று சொல்லிக் கொடுத்த, திரையும் இயந்திரமும் ஒன்றாயமைந்த அழகான கணினி அது. 2020லும் 2021லும் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் அதன் முன்னமர்ந்தே படித்தனர். 2023ல் அவள் உயர்தர வகுப்பிற்கு வந்து, தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாக எடுத்தபோது, அக்கணினி ஆமையாகிவிட்டது. ஒரு மென்பொருளைத் திறந்துவிட்டுத் தேநீர் குடித்து வரலாம். தகப்பனார் அதைத் துணியிற் சுற்றி, துவிச்சக்கர வண்டியிற் கட்டி நகரத்துக்குக் கொண்டுபோனார். திருத்துநர் பின்புறத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"அண்ணை, இதுக்கு ஒண்டும் செய்யேலாது. றாமும் போட்டோட ஒட்டிக்கிடக்கு, மெமறிச் சில்லும் ஒட்டிக்கிடக்கு. வேற ஒண்டு போட இடமில்லை."

"அப்ப தம்பி, வாங்கேக்க ஏன் இதை ஒருத்தரும் சொல்லேல்லை?"

அத்தோட்டக்காரரின் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் இக்கணினியின் அமைப்பை விளங்கிக்கொள்வோம். வழமையான மேசைக்கணினி ஒரு பெட்டியும், ஒரு திரையும், விசைப்பலகையுமாகப் பிரிந்திருக்கும். பெட்டியின் பக்கத்தகட்டை நீக்கினால் தாய்ப்பலகை தெரியும். அதிலுள்ள நீண்ட துளைகளிலே நினைவகப் பலகைகள் செருகப்பட்டிருக்கும். வன்தட்டு கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கும். நினைவகம் போதாதெனின் இன்னொரு பலகையை வாங்கிச் செருகலாம். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு அசையும் பாகமற்ற திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பூட்டினால், பல்லாண்டு வயதான இயந்திரமும் புத்துயிர் பெறும் என்பதை எந்தத் திருத்துநரும் சொல்வார். நாம் இங்கு ஓருடற் கணினி என அழைக்கும் 'ஓல் இன் வண்' இவையனைத்தையும் திரையின் முதுகுக்குள் அடக்கிக்கொள்வது. அங்கும் மடிக்கணினிக்குரிய சிறிய நினைவகப் பலகையைச் செருகுவதற்குத் துளை வைக்கலாம். பல நிறுவனங்களின் ஓருடற் கணினிகளில் அத்துளை இன்றும் உண்டு. வேறு சிலவற்றிலோ நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றாசு கொண்டு பிடிக்கப்பட்டுவிடுகின்றன. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. வாங்குபவரின் அடுத்த பத்தாண்டுக் காலத்தைத் தீர்மானிக்கும் வேறுபாடு, அவர் பார்க்கமுடியாத இடத்தில் இருக்கிறது.

இது தொழினுட்ப வளர்ச்சியின் தவிர்க்கவொண்ணாத விதி என்று சிலர் கூறுவர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1977ல் வெளிவந்த அப்பிள் இரண்டு என்னும் வீட்டுக் கணினியின் மூடியைக் கையாலேயே திறக்கலாம். உள்ளே எட்டு விரிவாக்கத் துளைகள் இருந்தன. 1981ல் வந்த ஐ.பி.எம். கணினியும் அவ்வழியிற் சென்றது. 1984ல் அதே அப்பிள் நிறுவனம் திரையும் இயந்திரமும் ஒன்றாயமைந்த மக்கின்ரொஷைக் கொண்டுவந்தது. அதன் 128 கிலோபைற் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. உடலைத் திறக்கச் சாதாரண வீட்டிற் கிடையாத நீண்ட தனிவகைத் திருகாணிச் செலுத்தி வேண்டியிருந்தது. ஏழாண்டு இடைவெளியில், ஒரே நிறுவனத்திடமிருந்து, திறந்ததும் மூடியதுமான இரு பண்டங்கள் வந்தன. அறிவியல் விதி அதற்குள் மாறிவிடவில்லை, மாறியது தீர்மானம்.

ஐமக் என்னும் வரிசையின் கதை இன்னுந் தெளிவானது. 2004ல் வந்த வடிவத்தின் பின்மூடியை வாங்கியவரே கழற்றலாம். 2012ல் விளிம்பு மெலிந்த வடிவம் வந்தபோது திரை பசைநாடாவால் ஒட்டப்பட்டது. 21.5 அங்குலக் கணினியின் நினைவகத்தை மாற்றுவதற்கு அத்திரையையே பெயர்க்கவேண்டியதாயிற்று. 27 அங்குலக் கணினியிலோ நினைவகத்துக்கென முதுகில் ஒரு சிறு கதவு விடப்பட்டது. 2014ல் அவ்வரிசையில் ஆகக் குறைந்த விலையான 1,099 டொலர்க் கணினி வந்தது. அதன் நினைவகம் முற்றாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. விலைகூடிய பெரிய கணினியின் கதவோ 2020ஆம் ஆண்டின் வடிவம் வரையில் நீடித்தது.

இவ்வுண்மையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். எவரிடம் பணமுண்டோ அவருக்குக் கதவு கிடைத்தது. எவர் ஆகக் குறைந்த விலையைத் தேடி வந்தாரோ அவருக்குச் சுவர் கிடைத்தது. பின்னாளில் மேம்படுத்தவேண்டிய தேவை யாருக்கு மிகுதியோ அவரிடமிருந்தே அவ்வாய்ப்பு முதலிற் பறிக்கப்பட்டது. 2021ல் வந்த 24 அங்குல ஐமக்கில் நினைவகம் மையச் சில்லின் பொதிக்குள்ளேயே குடிபுகுந்துவிட, அக்கதவு எல்லோருக்கும் மூடிக்கொண்டது.

எதிர்த்தரப்பாரின் வாதங்களையும் நேர்மையோடு எடுத்துரைத்தல் விமர்சனத்தின் கடமை. அவை மூன்று.

முதலாவது, நினைவகம் மையச் சில்லுக்கு எவ்வளவு அருகிலிருக்கிறதோ அவ்வளவுக்கு வேகம் கூடும், மின்செலவு குறையும் என்பது. இது உண்மை. மறுப்பதற்கில்லை. ஆயினும் இதற்கு மாற்றுவழி இல்லையென்பது உண்மையன்று. குறைந்த மின்னில் இயங்கும் நினைவகத்தையும் கழற்றி மாட்டத்தக்க சிறு பலகையாக அமைப்பதற்கு, ஜெடெக் என்னும் நியம அமைப்பு 2023 டிசம்பரில் ஒரு நியமத்தை வெளியிட்டது. 2024ல் அவ்வகைப் பலகையோடு மடிக்கணினியும் சந்தைக்கு வந்தது. மேலும், மாணவர் கட்டுரை எழுதுவதற்கும் கடைக்காரர் கணக்குப் பதிவதற்கும் வேண்டிய வேகம் பற்றவைத்த நினைவகத்தினாலேதான் கிட்டும் என்று எவரும் நிறுவியதில்லை.

இரண்டாவது, மெல்லிய உடல் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது. சிறு வீடுகளில் வாழும் எமது மக்களுக்கு இதுவும் பொருட்படுத்தத் தக்கதே. படுக்கவும் படிக்கவும் ஒரே அறையை வைத்திருக்கும் குடும்பம் ஓருடற் கணினியை விரும்புவதில் வியப்பில்லை. ஆயின் மேசையில் இடத்தை அடைப்பது கணினியின் அகலமேயன்றி, அதன் தடிப்பில் ஒரு விரலளவு அன்று. அந்த ஒரு விரலளவுக்குள் ஒரு துளையும் ஒரு கதவும் அடங்கும்.

மூன்றாவது வாதமே வலிமையானது: 'சாதாரணமாகக் கணினி வாங்குவோரிற் பெரும்பாலார் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, பயன்படுத்தாத வசதிக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்கவேண்டும்?' முற்பாதி உண்மை. எமது மாணவியின் தகப்பனாரும் கணினியைத் திறப்பவரல்லர். அவர் தம் நீரிறைக்கும் இயந்திரத்தையும் முற்றாகக் கழற்றியதில்லை. ஆனால் அதைக் கழற்றத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கிறார். பண்டத்தைத் தனியொருவர் வாங்கினாலும், அதன் வாழ்நாளைக் காப்பது ஒரு சமூகம். சந்தியிலே துவிச்சக்கர வண்டிக்கு ஒட்டுப் போடுபவர், வானொலி திருத்துபவர், தையல் இயந்திரத்துக்கு எண்ணெயிடுபவர் ஆகியோர் சேர்ந்தே ஊரின் பொருள்களை உயிரோடு வைத்திருக்கின்றனர். கதவைத் திறப்பவர் வாங்கியவரா என்று கேட்பது பிழையான கேள்வி. வாங்கியவருக்காகத் திறக்க வேறொருவராற் கூடுமா என்பதே கேட்கத்தக்கது. பற்றவைத்த பண்டம் வாங்கியவருக்கு வசதிக்குறைவைத் தருகிறது. திருத்துநருக்கோ தொழிலையே இல்லாமற் செய்கிறது.

இனி எமது கருத்தின் மையத்துக்கு வருவோம். முதல்நாளிலேயே முழு விலையையுங் கொடுக்கக்கூடியவருக்குத் தரமுயர்த்தும் வசதி தேவையில்லை. அவர் வேண்டிய நினைவகத்தை அன்றே வாங்கிவிடுகிறார். போதாமற் போனால் வேறு கணினி வாங்குகிறார். அவ்வாறு இயலாதவர் தம் வாழ்வின் எல்லாவற்றையும் படிப்படியாகவே கட்டுகிறார். யாழ்ப்பாணத்தில் வீடு எவ்வாறு எழும்புகிறது? முதலில் அத்திவாரமும் ஓர் அறையும். அடுத்த போகம் நன்றாக விளைந்தால் விறாந்தை. மகன் உத்தியோகம் பெற்றால் சீமெந்துப் பூச்சு. நிறம் பூசுவது மகளின் கலியாணத்தை ஒட்டி. பூசாத சுவரோடு நிற்கும் வீட்டைக் கண்டு யாரும் அதை முடிந்துபோன வீடு என்பதில்லை. பின்னர் அறை எடுப்பதற்கென்று சுவரிலே கம்பியை நீட்டிவிட்டிருப்பார்கள். கணினியின் தாய்ப்பலகையில் வெறுமையாக விடப்பட்ட துளை அந்த நீட்டிய கம்பியை ஒத்தது. அது ஏழையின் தவணைமுறை, வட்டியில்லாத தவணைமுறை.

அத்துளையை அடைப்பதனால் என்ன நிகழ்கிறது? நாளைய தேவைக்கு இன்றே விலைகொடு என்று வாங்குபவர் நிர்ப்பந்திக்கப்படுகிறார். 2021ஆம் ஆண்டின் ஐமக்கில் 8 கிகாபைற் நினைவகத்தை 16 ஆக்குவதற்கு நிறுவனம் கேட்ட மேலதிக விலை 200 டொலர். அதை வாங்கும் வேளையிலேயே கொடுத்தாக வேண்டும். எமது நாணயத்திற் கணக்கிட்டுப் பார்ப்போம். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதன்படி அது 40,000 ரூபா. அவ்வாண்டு மே மாதத்திலே டொலர் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. அதே நினைவகம் 72,000 ரூபா. தோட்டக்காரரின் வெங்காயம் அவ்விகிதத்தில் விலையேறியதா என்பதை வாசகரே அறிவர். நாணயம் வீழும் நாட்டிலே, பழையதைச் சிறுகச் சிறுக மேம்படுத்தும் வழி அடைபடுவது, முழுப் பண்டத்தையும் மீண்டும் வெளிநாட்டு நாணயங் கொடுத்து இறக்குமதி செய்யும் கட்டாயமாகும். தனி வீட்டின் நட்டம் நாட்டின் நட்டமாக விரிகிறது.

நினைவகத்தின் விலை எப்போதும் இறங்கிக்கொண்டே போகும் என்று நாம் சொல்லவரவில்லை. 2025ன் இறுதியில் அது உலகச் சந்தையில் வெகுவாக ஏறியது. அத்தகைய வேளையிலும் துளையுள்ள கணினிக்காரருக்கு ஒரு வழியுண்டு. பழுதாகிப்போன வேறொரு கணினியின் நினைவகத்தை எடுத்துத் தம்முடையதில் மாட்டலாம். பற்றவைத்த கணினியோ இறக்கும்போது தன் உறுப்புகள் அனைத்தையுந் தன்னோடு கொண்டுபோகிறது. ஓருடற் கணினியில் இது இரட்டை இழப்பு. இயந்திரம் ஓய்ந்தபின் நல்ல நிலையிலுள்ள திரையும் வீணாகிறது. 2009 முதல் 2013 வரை வந்த 27 அங்குல ஐமக்குகளை இன்னொரு கணினியின் திரையாகப் பயன்படுத்தும் வசதி இருந்தது; பின்னர் அது நீக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தவருக்கு இவ்விடயத்தில் ஒரு பட்டறிவு உண்டு. 1990ல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை வந்தது. அந்நாளில் ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து, சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வானொலி கேட்டனர். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் ஒளியிலே ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. அக்கார் மண்ணெண்ணெயில் ஓடியதற்கு எமது கைத்திறன் பாதிக் காரணம். அதன் பொறி திறந்து பார்க்கவும் மாற்றியமைக்கவும் இடங்கொடுத்தது மறுபாதிக் காரணம். அதை ஆக்கியோர் யாழ்ப்பாணத்தின் முற்றுகையைக் கனவிலுங் கண்டிரார். எனினும், தாம் எண்ணியிராத பயன்பாட்டுக்கும் அவர்கள் இடம் விட்டிருந்தனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். வறுமையிற் பிறந்த கைத்திறனைப் போற்றிப் பாடுவது எமது நோக்கமன்று. ஜாம் போத்தல் விளக்கிற் படித்தவர் எவரும் தம் பிள்ளை அவ்விளக்கிற் படிக்கவேண்டும் என்று விரும்பார். 'உங்கள் மக்கள் எதையுந் திருத்திக்கொள்ளும் சமர்த்தர்' என்னும் புகழுரையைச் சொல்லி, கழிக்கப்பட்ட பண்டங்களை எம் தலையிற் கட்டுவதும் ஒருவகைச் சுரண்டலே. ஏழைக்குப் பழையதே போதும் என்று நாம் வாதாடவில்லை. வாங்கிய பொருள்மீது முழு உரிமை வேண்டும் என்றே கேட்கிறோம்.

பண்டத்தின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது முதலாளித்துவத்துக்குப் புதிதன்று. 1924ல் ஜெனீவாவில் உருவான பீபஸ் என்னும் மின்குமிழ் உற்பத்தியாளர் கூட்டு, குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலமாகக் கட்டுப்படுத்தியது. அதனிலும் நீண்டகாலம் எரியும் குமிழ்களைச் செய்யத் தெரிந்தவர்களே அவ்வாறு செய்தனர். பயன்மதிப்பு நீளுமானால் விற்பனை குறையும் என்பதே அவர்கள் கணக்கு. இன்றைய கணினி உற்பத்தியாளர் எல்லோரும் அவ்வாறு சதிசெய்கின்றனர் என்று நாம் சான்றின்றிக் கூறமாட்டோம். ஆயினும் விளைவு ஒத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் உலகிற் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 வீதம். சுண்ணக்கற் பாறையினூடே ஊறும் கிணற்றுநீரை நம்பி வாழும் எமது குடாநாட்டுக்கு இது எங்கோ நடக்கும் செய்தியன்று. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் தெருவில் இறங்கிய 2015ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. நிலத்தின் மேல் எறிவது நிலத்தின் கீழ் எங்கு செல்லும் என்பதை இந்த மண் எமக்குக் கற்பித்திருக்கிறது.

துளை ஒன்றிருந்தால் எல்லாஞ் சரியாகிவிடும் என்று கருதுவதும் பேதைமை. விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவைப் பொதுவாக 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு மைக்ரோசொவ்ற் நிறுத்தியது. அதன்பின் நீடிப்பு வேறு நிபந்தனைகளோடு மட்டும் வழங்கப்பட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, இன்ரெல் சில்லுகளிற் பொதுவாக எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவற்றை ஏற்பதில்லை. நினைவகத்தை எவ்வளவு கூட்டினும் இத்தடையைத் தாண்டமுடியாது. பழைய கணினியில் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவி மேலும் சில ஆண்டு பயன்படுத்தலாம். பாடசாலைகள் இதனை முயன்று பார்த்தல் நன்று. ஆக, வன்பொருளின் கதவும் மென்பொருளின் கதவும் ஒருங்கே திறந்திருத்தல் வேண்டும்.

உலகின் பிற பகுதிகளிற் சட்டம் மெல்ல விழித்துவருகிறது. பிரான்சு 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பண்டங்களுக்குத் திருத்தத்தகு புள்ளியை விற்பனை வேளையிற் காட்டவேண்டும் என்று விதித்தது. கலிபோர்னியாவின் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 100 டொலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பண்டத்துக்கு ஏழாண்டு உதிரிப்பாகமும் திருத்தற் கையேடும் கிடைக்கச்செய்ய வேண்டும் என்பது அதன் விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் திருத்தும் உரிமைக்கான பணிப்பை நிறைவேற்றியது; வீட்டு மேசைக்கணினி அதன் பட்டியலில் இடம்பெறவில்லை. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் திணைக்களம் 2022ல் திருத்தும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது. இவையெல்லாம் பழுதானதைத் திருத்தும் உரிமையைப் பேசுவன. பழுதாகாத, ஆனாற் போதாமற்போன பண்டத்தை உயர்த்தும் உரிமையைப் பேசுவன அல்ல. எமது மாணவியின் கணினி பழுதாகவில்லை. அது போதாமற் போயிற்று.

எனவே நாம் கேட்பன சிலவே. சாதாரண மக்களுக்கென விற்கப்படும் ஓருடற் கணினியின் நினைவகமும் சேமிப்பகமும் கழற்றி மாட்டத்தக்கனவாக இருத்தல் வேண்டும். மையச் சில்லையும் மாற்றவேண்டும் என்று நாம் பிடிவாதம் செய்யவில்லை. இயந்திரம் ஓய்ந்தபின் திரை திரையாகவேனும் பயன்பட வேண்டும். இவை உடனே கைகூடாவிடினும், ஒன்று உடனே கைகூடும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பண்டங்களின் சுட்டுத்துண்டு பற்றிப் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை அச்சபைக்கு அளிக்கிறது. 'இக்கணினியின் நினைவகத்தைப் பின்னர் கூட்டலாம்' அல்லது 'கூட்டமுடியாது' என்று சிங்களத்திலும் தமிழிலும் பெட்டியின் மேல் ஒரு வரி அச்சிடச் செய்வதற்குப் பெருஞ் செலவு ஏதுமில்லை. பால்மாப் பெட்டியிற் காலாவதித் திகதியைப் பார்த்து வாங்கும் உரிமையுடைய தாய்க்கு, கணினிப் பெட்டியிலும் அவ்வுரிமை உண்டு.

ஆசிரியராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. பாடசாலைகளுக்குக் கணினி வாங்கித் தருவோர் பெரும்பாலும் பழைய மாணவர் சங்கத்தினர். கடல்கடந்து வாழும் அன்பர்கள். கணினிகளை வரிசையாக வைத்துப் படமெடுக்கும் நாளின் அழகைவிட, ஐந்தாம் ஆண்டில் அவற்றுள் எத்தனை இயங்குகின்றன என்பதே கொடையின் அளவுகோல். வாங்குமுன் 'நினைவகத்துக்குத் துளை உண்டா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள் என அவர்களிடம் நாம் சொல்லவேண்டும். மாணவருக்கும் கணினியை இயக்குவதோடு நில்லாது, பழைய பெட்டியொன்றைத் திறந்து உறுப்புகளை இனங்காணக் கற்பிக்கவேண்டும். உள்ளே இருப்பதை அறியாதவரிடம் எதையும் விற்கலாம்.

எமது மாணவி பாடசாலையின் பழைய மேசைக்கணினியொன்றிற் செயற்றிட்டத்தைச் செய்து முடித்தாள். அவள் வயதை நெருங்கிய அக்கணினிக்குத் திருத்துநர் ஒரு நினைவகப் பலகையைக் கூட்டிக் கொடுத்திருந்தார். வீட்டிலிருந்த அழகான கணினி இன்னமும் துணியாற் போர்த்தபடியே இருக்கிறது. வாங்கும்போது ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்ற தகப்பனாரின் கேள்விக்குக் கடைக்காரர் மட்டும் விடைசொன்னாற் போதாது. ஆக்கியோரும், சட்டமியற்றுவோரும், அறிந்திருந்தும் பேசாதிருந்த எம்போன்றோரும் விடைசொல்லக் கடமைப்பட்டவர்களே.